விட்டு விட்டு வரும் பழுது

நோயிலும் பழுதிலும் இருவகை உண்டு. ஒருவகை வந்தால் நிலைத்து நிற்பது. மற்றொருவகை வந்து, மறைந்து, மீண்டும் வருவது. நிலைத்து நிற்பதைக் கண்டறிதல் எளிது. அஃது ஓடி ஒளிவதில்லை. முறிந்த பற்சக்கரம் நாளையும் முறிந்தே இருக்கும். எரிந்துபோன மோட்டாரை அதன் நாற்றமே காட்டிக் கொடுக்கும். விட்டு விட்டு வரும் பழுதோ அத்தகையதன்று. பழுது பார்ப்பவர் வரும்வரை ஆட்டங்காட்டிவிட்டு, அவர் வந்து நின்றவுடன் அடங்கிவிடும். அவர் வாசல் கடந்தபின் மீண்டும் தலையெடுக்கும். இதனால் நேர்வது பொருளிழப்பும் காலவிரயமும் மாத்திரம் அன்று. யந்திரத்தினருகே நாள் முழுதும் நிற்கும் தொழிலாளியின் சொல்லும் மதிப்பிழந்து போகின்றது. “நான் பார்க்கும்போது நன்றாகத்தானே ஓடுகிறது, நீதான் ஏதோ செய்திருப்பாய்” என்ற பழிச்சொல்லைக் கேளாத தொழிலாளர் மிகச் சிலரே.

இத்தகைய பழுதை எம்முறையால் நாடிப் பிடிக்கலாம் என்பதை, உலோகந் துருவும் சி.என்.சி. மில்லிங் யந்திரத்தின் கருவி மாற்றியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவர்க்கு இஃது ஒரு பாடமாகவும், தொழிற்சாலைகளிலே பணியாற்றும் பழைய மாணவர்க்கு ஒரு துணையாகவும் அமையுமென்பது எம் கருத்து. முதற்கண் நம்மூரில் யாவரும் அறிந்த ஒரு யந்திரத்திலிருந்து தொடங்குவோம்.

தறியும் நாடாவும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருக்கோயிலாலும் ஆடித் தபசு விழாவாலும் பெயர் பெற்றது போலவே விசைத்தறிகளாலும் பெயர் பெற்றது. 2019-ஆம் ஆண்டிலே திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுப் புதிதாக அமைந்த தென்காசி மாவட்டத்தில் இது ஒரு நெசவு நகரம். தறியின் ஓசை கேட்டு வளர்ந்த மாணவர் நம்மிடையே உளர்.

தறியிலே நீளவாட்டில் விரிந்து கிடப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலைச் சுமந்து இப்புறமும் அப்புறமும் பாய்வது நாடா. விசையால் எறியப்படும் நாடாவை இங்கிலாந்திலே ஜான் கே என்பார் 1733-ஆம் ஆண்டில் அமைத்தார். ஊடையில் ஒரு நிறத்திற்கு மேல் வேண்டுமானால் ஒரு நாடா போதாது. ஆதலின் அவர் மகனார் ராபர்ட் கே 1760-ஆம் ஆண்டில் ஓர் உபாயம் கண்டார். பல நாடாக்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய அறைகளில் வைத்து, வேண்டிய நிறத்து நாடா பாயும் மட்டத்திற்கு வருமாறு அப்பெட்டியை ஏற்றியும் இறக்கியும் நிறுத்துவதே அவ்வுபாயமாம். பெட்டி ஒரு நூலளவு மேலோ கீழோ நின்றுவிடின், நாடா அறையின் விளிம்பில் இடிக்கும். அன்றிப் பாவின் நடுவே சிக்கி நூற்றுக்கணக்கான இழைகளை அறுத்துவிடும். நெய்த அளவிற்கே கூலி பெறும் நெசவாளிக்குத் தறி நிற்கும் ஒவ்வொரு நாழிகையும் கூலியில்லா நாழிகையாம்.

ஜப்பான் நாட்டிலே தொயோடா சகிச்சி என்பார் 1924-ஆம் ஆண்டில் இதனினும் ஒரு படி மேலே சென்றார். நூல் தீரும் நிலையிலுள்ள நாடாவை அகற்றிப் புதிய நாடாவை உள்ளே செலுத்தும் தொழிலை, தறியின் ஓட்டம் நில்லாமலே தறியே செய்துகொள்ளும்படி அமைத்தார். அன்றியும் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போவதினும் நின்றுவிடுதல் நன்று என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை மனத்திற் கொள்க. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

கையால் மாற்றவேண்டியதை யந்திரமே மாற்றிக்கொள்ளும் இவ்வெண்ணம் உலோகத் தொழிலிலும் இடம்பெறலாயிற்று. ஜான் பார்சன்ஸ் என்பாரின் கருத்தைத் தழுவி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டில், எண்களால் ஆணையிடப்பெறும் துருவல் யந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். அதன்பின், 1950-களின் இறுதியில் கியர்னி அண்டு டிரெக்கர் என்னும் நிறுவனத்தார் தாமே கருவி மாற்றிக்கொள்ளும் யந்திரத்தை வெளியிட்டனர். நெசவுக்கும் இவ்வியந்திரங்களுக்கும் நம் தமிழ் நாட்டிலேயே ஓர் உறவு உண்டு. கோயம்புத்தூரில் 1962-இல் நூற்பு யந்திரங்கள் செய்தற்கென்று தொடங்கப்பெற்ற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனத்தார் பிற்காலத்தில் சி.என்.சி. யந்திரங்களையும் செய்யத் தொடங்கினர். இன்று கோவை, ஓசூர், திருப்பெரும்புதூர் முதலிய இடங்களுக்கு வேலை நாடிச் செல்லும் நம் மாணவர் பலர் இத்தகைய யந்திரங்களின் முன்னே நிற்கின்றனர்.

கருவி மாற்றியின் இயல்பு

துருவல் யந்திரத்திலே சுழலும் தண்டிற்கு ஸ்பிண்டில் என்று பெயர். வெட்டும் கருவி ஒரு பிடியிலே பொருத்தப்பட்டு, அப்பிடி ஸ்பிண்டிலின் கூம்பு வாயிற் புகுந்து அமரும். நடுத்தர யந்திரங்களில் பெரும்பாலும் வழங்கும் நாற்பதாம் எண் பிடியில் கூம்பின் பெரிய முனை 44.45 மில்லிமீட்டர் விட்டமுடையது. 24 பங்கு நீளத்திற்கு 7 பங்கு விட்டம் குறையும் சரிவு அதற்கு உண்டு. ஸ்பிண்டிலின் உள்ளே அடுக்கிய வில்தட்டுக்கள் ஒரு கோலை மேலே இழுக்க, அக்கோல் பிடியின் தலையிலுள்ள குமிழைப் பற்றி இறுக்கும். காற்றின் அழுத்தமோ எண்ணெயின் அழுத்தமோ அவ்வில்தட்டுக்களை எதிர்த்து அமுக்கினால் மாத்திரமே பிடி விடுபடும். மற்றக் கருவிகள் மேகசின் எனப்படும் சுழலும் கூட்டிலே தத்தம் கிண்ணங்களில் காத்திருக்கும்.

“கருவியை மாற்றுக” என்ற ஆணை வந்தவுடன், இருகைத் தண்டு உடைய மாற்றியில் நிகழ்வன பின்வருமாறு:

1. ஸ்பிண்டில் குறித்த உயரத்திற்கு வந்து நிற்கும்.
2. சுழற்சி அடங்கி, குறித்த கோணத்தில் திரும்பி நிற்கும்.
3. வேண்டிய கருவியின் கிண்ணம் கீழ்நோக்கி மடங்கும்.
4. மாற்றும் தண்டு திரும்பி, ஒரு கையால் பழைய கருவியையும் மறுகையால் புதிய கருவியையும் பற்றும்.
5. ஸ்பிண்டில் தன் பிடியைத் தளர்த்தும்.
6. தண்டு கீழிறங்கி, அரை வட்டம் சுழன்று, மேலேறும்.
7. ஸ்பிண்டில் புதிய கருவியை இறுக்கிப் பற்றும்.
8. தண்டு தன் இருப்பிடம் திரும்பும், கிண்ணம் நிமிரும்.

இவை யாவும் சில விநாடிகளுள் முடிந்துவிடும். காண்பவர்க்கு இஃது ஒரே செயலாகத் தோன்றும். உண்மையிலோ இது சங்கிலித் தொடர். ஒவ்வொரு வளையத்தின் முடிவிலும் ஒரு சென்சார் “ஆயிற்று” என்று சொன்னாலன்றி அடுத்த வளையம் தொடங்காது. குறித்த நேரத்துள் அச்சொல் வாராவிடின் யந்திரம் நின்று எச்சரிக்கை காட்டும். தொயோடாவின் தறி நின்றதுபோலவே இதுவும் தன்னையும் பொருளையும் காத்தற்பொருட்டே நிற்கின்றது. ஆதலின் எச்சரிக்கையைப் பகையென எண்ணற்க. அதுவே நமக்குக் கிடைத்த முதற்சாட்சி.

சாட்சியை அழியாது காத்தல்

இம்முதற்சாட்சியை நாமே அழித்துவிடுதல் பெருவழக்கு. யந்திரம் நின்றவுடன் ரீசெட் பொத்தானை அழுத்துகின்றோம். அது மீண்டும் ஓடத் தொடங்குகின்றது. நாமும் மனம் ஆறுகின்றோம். ஆனால் எந்த வளையத்தில் நின்றது, எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது என்ற செய்தி அப்பொத்தானோடு மறைந்துபோகின்றது.

ஆதலின் முதல் விதி இது: நின்ற யந்திரத்தைத் தொடுமுன் பார்க்க. தண்டு எங்கே நிற்கின்றது, கிண்ணம் மேலேயா கீழேயா, கருவி இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா, திரையிற் காணும் எச்சரிக்கை எண் யாது, சென்சார்களின் சிறு விளக்குகளில் எவை எரிகின்றன, காற்றழுத்தமானி யாது காட்டுகின்றது என்பவற்றைக் குறித்துக்கொள்க. கட்டுப்பாட்டுக் கருவியின் திரையிலேயே, உள்வரும் ஒவ்வொரு சமிக்ஞையும் ஒன்று அல்லது சுழி என்ற வடிவில் தோன்றும் பக்கம் உண்டு, அதனையும் எழுதுக. கையில் தொலைபேசி உள்ளவர் படமெடுத்துக் கொள்ளலாம். இரண்டு நிமிடம் இதற்குச் செலவாகும். இரண்டு நாள் மிச்சமாகும்.

மூன்று வினாக்கள்

குறித்துக்கொண்ட செய்தியைக் கொண்டு மூன்று வினாக்களை எழுப்புக.

முதலாவது, செயலே நிகழவில்லையா? தண்டு உண்மையிலேயே இறங்கவில்லை, அல்லது ஸ்பிண்டில் கருவியை உண்மையிலேயே விடவில்லை என்றால் பழுது விசையின் பக்கத்தது. காற்றழுத்தம் குறைந்திருக்கலாம், வால்வினுள் ஈரமோ பிசினோ சேர்ந்து அதன் ஓட்டத்தைத் தடுக்கலாம், அழுத்தம் பெருக்கும் உருளையில் எண்ணெய் குறைந்து, கோல் முழுத் தொலைவும் இறங்காதிருக்கலாம், வில்தட்டு உடைந்திருக்கலாம்.

இரண்டாவது, செயல் நிகழ்ந்தும் செய்தி வரவில்லையா? தண்டு சரியாகத் தன் இடத்தில் நின்றிருக்க, அதன் சென்சார் மாத்திரம் வாய் திறவாதிருக்கலாம். அப்போது பழுது செய்தியின் பக்கத்தது. உலோகம் அருகே வந்ததைச் சில மில்லிமீட்டர் தூரத்தில் உணரும் இச்சென்சார், நாள்பட்ட அதிர்ச்சியால் சிறிதே பின்வாங்கினாலும் எல்லைக்கோட்டின்மேல் நிற்கும். அப்பொழுது ஒருமுறை உணரும், ஒருமுறை உணராது. மேலும் கீழும் ஓயாது வளையும் கம்பி, மேலுறை முறியாமலே உள்ளே முறியும். ஒரு நிலையில் முனைகள் தொட்டுக்கொள்ளும், மற்றொரு நிலையில் பிரியும். இணைப்புக் குப்பியினுள் வெட்டெண்ணெய் நீர் புகுந்து கசிவு உண்டாக்குதலும் வழக்கம்.

மூன்றாவது, நிகழாததை நிகழ்ந்ததாகப் பொய்ச்செய்தி வந்ததா? மூன்றினும் கொடியது இதுவே. சென்சாரின் முகத்தில் இரும்புத்துருவல் ஒட்டிக்கொண்டால், அஃது எப்பொழுதும் “ஆம்” என்றே சொல்லும். ஸ்பிண்டில் விடுமுன்னரே “விட்டது” என்ற சொல் வந்தால், தண்டு இறுகிய கருவியைப் பற்றி இழுக்கும். தண்டு வளையும், அல்லது விரல் உடையும். ஸ்பிண்டில் இறுக்குமுன் “இறுகிற்று” என்ற சொல் வந்தால், சுழலத் தொடங்கிய கருவி கழன்று விழும்.

தறியறிந்தார்க்கு இப்பாகுபாடு புதிதன்று. ஊடை அறுந்ததால் தறி நிற்பது ஒன்று. ஊடை அறாதிருக்கவும் நூலுணரும் முள் தவறியதால் நிற்பது மற்றொன்று. ஊடை அறுந்தும் நில்லாது வெறும் பாவை ஓட்டிக்கொண்டே போவது மூன்றாவது. முதலதில் நூலையும், ஏனையவற்றில் முள்ளையும் பார்ப்பான் நெசவாளி. மூன்றற்கும் ஒரே மருந்து செய்பவனை நல்ல நெசவாளி என்று எவரும் சொல்லார்.

நாட்குறிப்பு

ஒரு முறை நின்றதைக் கொண்டு முடிவு கூறலாகாது. முறைக்காய்ச்சலில் மருத்துவர் “காய்ச்சல் உண்டா” என்று மாத்திரம் வினவுவதில்லை. “எந்த நேரத்தில் வந்தது, எத்தனை நாள் விட்டு வந்தது” என்றும் வினவுவர். 48 மணிக்கொருமுறை வருவதற்கும் 72 மணிக்கொருமுறை வருவதற்கும் உள்ளேயிருக்கும் கிருமியின் வகை வேறு. வரும் நேரமே நோயின் பெயரைச் சொல்லும்.

யந்திரத்தின் பழுதும் அவ்வாறே. “விட்டு விட்டு வருகிறது” என்று நாம் சொல்வதெல்லாம், “எப்பொழுது வருமென்று நமக்குத் தெரியவில்லை” என்பதன் மறுபெயரே. காரணமின்றி வரும் பழுது உலகில் இல்லை. நிபந்தனையோடு வரும் பழுதே உண்டு. அந்நிபந்தனையைக் கண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆதலின் யந்திரத்தினருகே ஒரு குறிப்பேடு தொங்குக. நாள், மணி, கருவியின் எண், கிண்ணத்தின் எண், நின்ற வளையம், யந்திரம் ஓடத்தொடங்கி ஆன நேரம், அப்பொழுது பட்டறையில் வேறு யாது நடந்தது என்ற ஏழே பத்திகள் போதும். பத்துப் பன்னிரண்டு வரிகள் சேர்ந்தபின் அவற்றை ஒப்புநோக்குக.

ஒரே கருவியில் மாத்திரம் நிற்குமானால், அதன் பிடி, குமிழ், எடை இவற்றை ஆராய்க. குமிழ் சரியாக முடுக்கப்படாதிருக்கலாம். கூம்பிலே வடு இருக்கலாம். அல்லது கருவி மாற்றிக்கு விதிக்கப்பட்ட எடையை மிஞ்சியிருக்கலாம். கருவி எதுவாயினும் ஒரே கிண்ணத்தில் நிற்குமானால், குற்றம் கிண்ணத்தது. காலையில் முதல் அரைமணியில் மாத்திரம் நிற்குமானால், குளிர்ந்து தடித்த எண்ணெயையும் இரவிற் குழாயில் தங்கிய நீரையும் ஐயுறுக. பிற்பகலில் சூடேறியபின் நிற்குமானால், வெப்பத்தால் விரிவதையும், சூட்டில் சோரும் மின்கருவிகளையும் ஐயுறுக. ஸ்பிண்டில் ஓர் உயரத்தில் இருக்கும்போது மாத்திரம் சமிக்ஞை மறையுமானால், வளையும் கம்பியை நோக்குக. பக்கத்துப் பெரிய மோட்டார் தொடங்கும் கணத்தில் நிற்குமானால், மின்னழுத்தம் தாழ்வதை அளக்க. சென்சார்களுக்கு உணவாகிய 24 வோல்ட்டு மின்சாரம் அக்கணத்தில் எத்துணையாகின்றது என்று காண்க.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு சொல் தனியே கூறவேண்டும். “காற்று ஆறு கிலோ இருக்கிறது” என்று தொழிலாளர் சொல்வர். மானியும் அவ்வாறே காட்டும். ஆனால் அது யந்திரம் ஓய்ந்திருக்கும்போது காட்டும் அளவு. மூன்று பேர் ஒருங்கே காற்றுக்குழலால் துருவலை ஊதித் தள்ளும் கணத்தில், கருவி மாற்றி தன் பங்கைக் கேட்டால், அப்போது கிடைப்பது யாது? முள்ளின் ஓய்ந்த நிலையை நோக்காது, மாற்றம் நிகழும் அக்கணத்தில் அது எவ்வளவு தாழ்கின்றது என்பதையே நோக்குக. தெருக்குழாயில் நள்ளிரவில் நீர் பெருகி வருவது கண்டு, காலையில் ஊரே குடம் வைக்கும்போதும் அவ்வாறு வருமென்று எவரும் நம்பார்.

ஒன்றை மாத்திரம் மாற்றுக

நிபந்தனை தெரிந்தபின் ஐயம் இரண்டு மூன்றாகக் குறையும். அவற்றுள் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பரீட்சித்தல் வேண்டும். சென்சாரையும் வால்வையும் கம்பியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், பழுது நின்றாலும் எது காரணமென்பது தெரியாது, நல்லனவும் குப்பைக்குப் போகும், பணமும் போகும். பழுது நில்லாவிடினோ, புதிதாகப் பொருத்தியதிற் புதுப்பழுது புகுந்ததா என்ற ஐயமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு சென்சார்கள் ஒரே வகையினவாயின், அவற்றை ஒன்றுக்கொன்று இடம் மாற்றுதல் செலவில்லாச் சோதனையாம். பழுது சென்சாரோடு இடம் பெயர்ந்தால் குற்றம் சென்சாரினது. பெயராது பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் கம்பியினதோ இடத்தினதோ ஆம்.

குற்றப்பட்ட உறுப்பைக் கண்டபின்னும் வினா முடியவில்லை. அஃது ஏன் கெட்டது? தொயோடா சகிச்சியின் வழித்தோன்றிய மோட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய ஒனோ தைஇச்சி என்பார் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். யந்திரம் ஒன்று நின்றது. ஏன்? சுமை மிகுந்து பியூஸ் போயிற்று. சுமை ஏன் மிகுந்தது? பேரிங்கிற்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய்ப் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமையால் உலோகத்தூள் உட்புகுந்தது. பியூஸை மாத்திரம் மாற்றியிருந்தால் சின்னாளில் அதே பழுது வந்திருக்கும். கருவி மாற்றியிலும் துருவல் ஒட்டிய சென்சாரைத் துடைத்துவிட்டு அமைதலாகாது. துருவல் அங்கே வந்த வழியாகிய கிழிந்த மறைப்பைத் தைக்கும்வரை அதே பழுது மீண்டும் வரும்.

குணமாயிற்றென்று எப்பொழுது சொல்வது?

இவ்விடத்தே கணிதம் துணைக்கு வரவேண்டும். ஒரு கருவி மாற்றி சராசரி 40 மாற்றங்களுக்கு ஒருமுறை தவறுகின்றதென்று கொள்வோம். ஏதோ ஓர் உறுப்பை மாற்றினோம். பின்னர் 40 மாற்றங்கள் தவறின்றி நடந்தன. பழுது தீர்ந்ததா?

தீர்ந்ததென்று சொல்ல இயலாது. பழுது சிறிதும் தீராமல் இருந்தாலும், ஒரு மாற்றம் தவறாதிருக்கும் வாய்ப்பு 40-இல் 39. நாற்பதும் தொடர்ந்து தவறாதிருக்கும் வாய்ப்பைக் காண 39/40 என்ற பின்னத்தை நாற்பது முறை தன்னோடு தான் பெருக்கவேண்டும். விடை ஏறத்தாழ 0.36. அஃதாவது, நாம் ஒன்றுமே செய்யாதிருந்தாலும் நூற்றுக்கு 36 பங்கு அந்நாற்பதும் நன்றாகவே நடந்திருக்கும். “நேற்று முழுதும் நிற்கவே இல்லை” என்ற மகிழ்ச்சி பலமுறை பொய்த்துப் போவது இதனாலேதான். 120 மாற்றங்கள் தவறின்றி நடந்தால், அவ்வாய்ப்பு நூற்றுக்கு 5-க்குச் சற்றுக் குறைவாகும். ஆதலின் எளிய விதி ஒன்று கொள்க: பழுது எத்தனை மாற்றங்களுக்கு ஒருமுறை வந்ததோ, அதன் மும்மடங்கு மாற்றங்கள் தவறின்றி நடந்தபின்னரே, குணமாயிற்றென்று ஒருவாறு நம்புக. 200-க்கு ஒருமுறை வந்தது 600 மாற்றங்கள் வேண்டும். மாற்றம் ஒன்றிற்குப் பத்து விநாடி இடைவெளி விட்டு ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டினால் 600 மாற்றங்களுக்கு 100 நிமிடம் ஆகும்.

ஆயினும் அச்சோதனை பழுது வந்த அதே நிபந்தனையில் நடத்தல் வேண்டும். பிற்பகல் வெப்பத்தில் வந்த பழுதைக் காலைக் குளிரில் ஆயிரம் முறை சோதித்தாலும் பயனில்லை. மேலும், பழுதென்று ஐயுற்றதை வேண்டுமென்றே திரும்பப் பொருத்தியபோது பழுதும் திரும்புமானால், அதனினும் சிறந்த சான்று வேறில்லை. ஆபத்து நேராத இடங்களில் மாத்திரம் இதனைச் செய்க.

காவல் விதிகள்

யந்திரத்தின் விலை பெரிது. விரலின் விலை அதனினும் பெரிது. பின்வருவனவற்றை எவ்வளவு அவசரத்திலும் மறத்தலாகாது.

தண்டு பாதி வழியில் நின்றிருக்கும்போது கையை உள்ளே நீட்டற்க. காத்திருந்த ஒரு சமிக்ஞை கம்பி அசைவால் வந்துவிட்டால், யந்திரம் தன் வேலையைத் தொடரும். மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்திய விசையைப் பூட்டி, குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்றியபின்னரே கை வைக்க. மின்சாரம் நின்றாலும் அடைபட்ட காற்றும் அமுங்கிய வில்லும் தொங்கும் எடையும் தம் வலியை இழப்பதில்லை.

சென்சாரை ஒரு கம்பித்துண்டால் இணைத்து “ஆம்” என்று சொல்லவைத்து வேலை நடத்தும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. இது காவற்காரன் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் வரவில்லையென்று மகிழ்வதை ஒக்கும். அவசர வேலை முடிந்ததும் எடுத்துவிடலாமென்று வைத்தது மாதக்கணக்கில் தங்கி, அதனையறியாத மற்றொருவனுக்குத் தீங்கு விளைக்கும்.

பாதியில் நின்ற மாற்றத்தைக் கையால் முடித்துவைத்தால், எக்கிண்ணத்தில் எக்கருவி உள்ளது என்று யந்திரம் நினைவில் வைத்திருக்கும் பட்டியலும் மெய்யான இருப்பும் வேறுபட்டிருக்கலாம். அவ்வேறுபாட்டோடு ஓடவிட்டால், சிறிய துளைக்கருவிக்குப் பதிலாகப் பெரிய முகத்துருவி இறங்கிப் பொருளையும் மேடையையும் தாக்கும். ஆதலின் ஒவ்வொரு கிண்ணத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே மீண்டும் ஓட்டுக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வேண்டுவன அரிய கருவிகள் அல்ல என்பது விளங்கும். நின்றதைத் தொடுமுன் பார்த்தல், செயலையும் செய்தியையும் பிரித்தறிதல், நேரத்தையும் நிலையையும் எழுதிவைத்தல், ஒன்றை மாத்திரம் மாற்றுதல், போதிய அளவு சோதித்தபின்னரே முடிவு கூறுதல் என்ற ஐந்துமே வேண்டுவன. இவை விஞ்ஞானக் கூடத்திலே நாம் தினமும் பயிலும் ஒழுக்கங்களேயன்றி வேறல்ல.

இவ்வைந்தினும் தலையாயது எழுதிவைத்தலே. ஏனெனில், அதனை எழுதத்தக்கவர் யந்திரத்தினருகே எட்டு மணிநேரம் நிற்கும் தொழிலாளி ஒருவரே. என்ஜினீயர் காணாத நாற்பதாவது மாற்றத்தை அவர் காண்கின்றார். அவர் சொல்வதை நம்பாத பட்டறையில் குறிப்பேடு வெறுமையாகவே தொங்கும். வெறுமையான குறிப்பேட்டினின்று எந்த நிபுணராலும் காரணத்தைக் காணவியலாது. “நிற்கிறது ஐயா” என்று அவர் வந்து சொல்லும்போது, “நான் பார்க்கையில் நிற்கவில்லையே” என்று மறுமொழி கூறுவதற்கு மாறாக, “எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் நின்றது?” என்று வினவுக. அவ்வினாவிலேயே அவர்க்குரிய மதிப்பும் அடங்கியிருக்கின்றது. பழுதின் மருந்தும் அடங்கியிருக்கின்றது.

நம் மாணவருள் சிலர் நாளைத் தினம் அவ்வியந்திரங்களின் முன்னே நிற்பர். சிலர் நிற்பாரைக் கண்காணிக்கும் பதவியில் அமர்வர். முன்னவர் எழுதுவாராக, பின்னவர் எழுதியதைப் படிப்பாராக.